ஐஸ் எப்படிப் பழசாகும்?

தஞ்சாவூர்
19.1.2025

அன்பு மகள் அறிவுமதிக்கு அம்மா எழுதுவது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை விடுதிப் போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் வார்டன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். பின்னால் வரிசையில் அத்தனை பிள்ளைகள் நிற்கும்போது இதைப் பேச முடியாது.

வெண்ணாற்றங்கரை ரிசார்ட்டில் என்னைச் சாப்பாட்டு அறையில் பரிமாறப் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். பிப்ரவரிக் கடைசி வரை என் வேலையைக் கவனிப்பார்களாம், பிடித்திருந்தால் நிரந்தரமாம். சேரும்போது சூப்பர்வைசர் லியோ சார், "இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டார். "வரும் சார்" என்றேன். வேறு என்ன சொல்லட்டும்?

பத்தாவது வரை நானும் இங்கிலீஷ் படித்தவள்தான். ஆனால் இவர்கள் பேசுவது அந்தப் புத்தகத்தில் இல்லை. நேற்று ஒருவரிடம் "மோர் டீ, சார்?" என்றேன். "ஐயாம் குட்" என்றார். நல்லா இருக்கேன் என்கிறார், பாவம், நல்ல மனுஷன் என்று நினைத்துக் கோப்பை நிறைய ஊற்றினேன். அவர் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி வந்தேன். மறுபடி "ஐயாம் குட்" என்றார். மறுபடி ஊற்றினேன். லியோ சார் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கேட்க முடியாது. வரும் என்று சொல்லிவிட்டேன். விருந்தாளியிடமும் கேட்கக் கூடாது. "ஒரு தடவை சொன்னா புரியணும். திருப்பிக் கேட்டா அவங்களுக்கு எரிச்சல் வரும்" என்பது அவர் சட்டம். என்னிடம் இருப்பதோ பட்டன் போன். அதில் தேடிப் பார்க்க ஒன்றும் இல்லை.

பெரியப்பா முந்தாநாள் வந்தார். "நிரந்தரம் ஆகலேன்னா ரெண்டு பேரும் திருப்பூர் கிளம்புங்க. பனியன் கம்பெனில சொல்லி வச்சிருக்கேன். பொண்ணு பதினொண்ணு வரைக்கும் படிச்சது போதும்" என்றார். உன் அப்பா போன பிறகு பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் இருந்துகொண்டு நான் என்ன பதில் சொல்வது? நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். இந்த ஊரில் எனக்கு இந்த ஒரு வேலைதான் இருக்கிறது.

உனக்குத்தான் இங்கிலீஷில் நல்ல மார்க். எனக்குச் சொல்லிக்கொடு.

அம்மா
மலர்க்கொடி


திருப்பனந்தாள்
23.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை விளையாட்டு மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். டீ ஊற்றிய இடத்தில் சிரித்தேன். பெரியப்பா வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு மீதியைப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் பிரகதீஸ்வரி மிஸ்ஸிடம் "ஐயாம் குட்" என்று எப்போது சொல்வார்கள் என்று கேட்டேன். "அது தப்பான இங்கிலீஷ். ஐயாம் வெல் என்றுதான் சொல்லணும். அதையெல்லாம் கத்துக்காதே" என்றார். நூலக அகராதியில் குட் என்ற சொல்லுக்கு அத்தனை பொருள் போட்டிருக்கிறது, ஒன்றுகூட டீக்குப் பொருந்தவில்லை.

ஆகவே நானே யோசித்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், குடிக்கவில்லை. வேண்டுமென்றால் குடித்திருப்பார். எனவே "எனக்கு இதுவே போதும், வேண்டாம்" என்பதுதான் அதன் பொருள். நம் வீட்டு விருந்தில் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு "இருக்கட்டும், இருக்கட்டும்" என்போமே, அதேதான்.

இனி இப்படிச் செய்யலாம் அம்மா. அவர்கள் சொல்வது உன் காதில் எப்படி விழுகிறதோ அப்படியே தமிழில் எழுது. திருத்தாதே. நீ என்ன கொண்டுபோனாய், பிறகு அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதையும் எழுது. சொல் அகராதியில் இல்லாவிட்டாலும் முகத்தில் இருக்கும்.

நான் திருப்பூர் போகமாட்டேன் என்று எழுத ஆசை. உன்மேல் பாரம் ஏற்றுவதுபோல் ஆகிவிடும். ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் மகள்
அறிவுமதி


தஞ்சாவூர்
29.1.2025

அன்பு மதிக்கு,

நீ சொன்னது சரி. இன்று இருவர் "ஐயாம் குட்" என்றார்கள். கூஜாவைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். லியோ சார் தலையை ஆட்டினார்.

இந்த வாரம் கேட்டதை ரிசார்ட்டின் பழைய மெனுத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கடையில் தாள் வாங்க மறந்துவிட்டேன்.

ஒரு தாத்தா "ஐ குட் மர்டர் எ காபி" என்றார். மர்டர் என்றால் எனக்குத் தெரியும், சினிமாவில் வருமே. காபியை வைத்துவிட்டு ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே குடித்தார். மறுபடியும் கேட்டார்.

ஒரு பெண் "சாண்ட்விச் டூ கோ" என்றாள். எங்கே போக வேண்டுமோ என்று கையை நீட்டிக் கழிவறையைக் காட்டினேன். அவள் முகம் சிவந்துபோனது. பக்கத்தில் இருந்தவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான்.

இன்னொன்றுதான் மனதை அறுக்கிறது. சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு தடிப் பேனாவை வைத்துக்கொள்கிறார். அதில் எழுதி நான் பார்த்ததில்லை. புலாவ் கேட்டார். கேட்கும்போதே "ஓல்ட் த நட்ஸ்" என்றார். நான் தலையாட்டினேன். முந்திரி போட்ட புலாவைக் கொண்டுபோய் வைத்ததும் அவர் முகம் வாடிவிட்டது. தட்டைத் தள்ளினார். "நெவர் மைண்ட், லவ்" என்று சொல்லிவிட்டு இரண்டு வாழைப்பழத்தோடு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு லியோ சார் விடுமுறை, அதனால் தப்பித்தேன்.

அவர் வந்த சுற்றுலாக் குழு மதுரை, காரைக்குடி எல்லாம் பார்த்துவிட்டு ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கே திரும்பி வருகிறது. அதற்குள் சொல். அவர் லியோ சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் வேலை போச்சு.

அம்மா


திருப்பனந்தாள்
1.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

"டூ கோ" என்றால் கட்டிக்கொடு, பார்சல். காபியைக் கொலை செய்வது என்றால் அவ்வளவு ஆசை, வெறி. தாத்தாவைப் பார்த்துப் பயப்படாதே.

"ஓல்ட் த நட்ஸ்" என்பதைத்தான் நிறைய யோசித்தேன். ஓல்ட் என்றால் பழைய. நட்ஸ் என்றால் முந்திரி, பாதாம் மாதிரிப் பருப்புகள். நடுவில் வினைச்சொல் இல்லை. ஆனால் பேச்சில் இவர்கள் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுகிறார்கள் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். கடையில் நாமும் "பழசு இந்தப் பருப்பு" என்று முன்பின்னாக மாற்றிச் சொல்வதில்லையா? எரிச்சலில் முக்கியமான சொல் முதலில் வந்துவிடும். உங்கள் சமையலறை முந்திரி பழசு, சிக்கு வாடை அடிக்கிறது என்று அவர் முன்பே கண்டுபிடித்திருக்கிறார். அதையே நீ மறுபடி கொண்டுவந்து வைத்ததும் முகம் வாடியிருக்கிறார். எல்லாம் பொருந்துகிறது.

வெள்ளிக்கிழமை அவர் வந்ததும், கேட்பதற்கு முன்பே, புது முந்திரியை நெய்யில் வறுத்து மேலே தூவிக் கொண்டுபோ. "நியூ நட்ஸ், மேடம்" என்று சொல். அவர் சந்தோஷப்படுவார். நிச்சயம்.

உன் மகள்
அறிவுமதி


தஞ்சாவூர்
5.2.2025

அன்பு மதிக்கு,

உன் கடிதம் வந்ததும் பெருமூச்சு விட்டேன். சமையல்காரர் அஹமது கபீர் அண்ணனிடம் வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புது முந்திரிப் பாக்கெட் உடைக்கச் சொல்லிவிட்டேன். "என்ன தங்கச்சி, உங்க வீட்டு விசேஷமா?" என்று கேலி செய்தார். கைநிறையத் தூவச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று இன்னொரு ஆளும் அதேபோல் குறை சொன்னார். எலுமிச்சை ஜூஸ் கேட்டுவிட்டு "ஓல்ட் த ஐஸ்" என்றார். பெட்டியில் இருந்த ஐஸைக் கொட்டிவிட்டு, புதிதாக உடைத்துப் போட்டுக் கொண்டுபோனேன். அதையும் ஸ்பூனால் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். புது ஐஸிலும் குறை கண்டுபிடிக்கிறார்கள் பார்.

பரவாயில்லை. வெள்ளிக்கிழமை அந்த அம்மா சிரித்துவிட்டால் எனக்குப் போதும்.

அம்மா


திருப்பனந்தாள்
7.2.2025, வெள்ளிக்கிழமை, மாலை

அம்மா,

இந்தக் கடிதம் உனக்கு நேரத்தில் வராது என்று தெரியும். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் மதியம்தான் வந்தது. கடைசி பீரியடில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன். ஐஸ் எப்படிப் பழசாகும் அம்மா? முந்திரி பழசாகும். ஐஸ் பழசாகாது. அவர் ஐஸை எடுத்து வெளியே வைத்தார் என்றால் அவருக்கு ஐஸ் வேண்டாம்.

ஹோட்டல் என்பதை நாம் ஓட்டல் என்கிறோம். ஹாரனை ஆரன் என்கிறோம். நீ காதில் விழுந்தபடி எழுதினாய், நான்தான் திருத்தாதே என்று சொன்னேன். அது ஓல்ட் இல்லை, ஹோல்ட். அகராதியில் போய்ப் பார்த்தேன். பிடி, தாங்கு, வைத்திரு, கடைசியில் நிறுத்தி வை. ஐஸை நிறுத்தி வை. முந்திரியை நிறுத்தி வை. முந்திரி போடாதே என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அந்தப் பேனா. என் அறையில் இருக்கும் பேராவூரணி பிரின்ஸிக்கு இறால் சாப்பிட்டால் உதடு வீங்கி மூச்சு இழுக்கும். அவளிடம் சொன்னதும் அவள், "அது பேனா இல்லடி, ஊசி. தொடையில குத்திக்கிறது. எங்க டாக்டர் படம் காட்டினார். சிலருக்கு முந்திரி ஒண்ணு வாயில பட்டாலே உயிருக்கு ஆபத்து" என்றாள்.

வார்டனிடம் ஓடினேன். "போன் ஞாயிற்றுக்கிழமைதான்" என்றார். அழுதேன். "எல்லாரும் இப்படித்தான் அழுறீங்க" என்றார். பிரகதீஸ்வரி மிஸ் பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் கேட்டைத் தாண்டி ஓடி அவர் போனை வாங்கினேன். முதலில் உனக்குப் போட்டேன். நீ வேலையில் இருக்கும்போது உன் போன் அலமாரியில் இருக்கும், அணைத்து வைத்திருந்தாய். அப்போதுதான் உன் கடிதங்களோடு கையில் எடுத்து வந்திருந்த மெனுத் தாள் ஞாபகம் வந்தது. அடியில் ரிசார்ட் நம்பர் இருந்தது.

அம்மா, போன் செய்தால் உனக்கு இங்கிலீஷ் வராது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். செய்யாவிட்டால் ஒரு உயிர் போய்விடும். இரண்டையும் ரோட்டோரம் நின்று யோசித்தேன். மிஸ் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய பஸ் போய்விட்டது.

செய்தேன். எடுத்தவர் இங்கிலீஷில் பேசினார். நான் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வெளியே வரவில்லை. "மலர்க்கொடி, நட்ஸ், டோன்ட் கிவ்" என்றேன். அவர் "ப்ளீஸ் ஹோல்ட்" என்றார். அதே சொல். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. துண்டித்துவிட்டது. மறுபடி போட்டேன், லியோ சாரைக் கேட்டேன். தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது, நான்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், முந்திரி கொடுத்துவிடப் போகிறாள் என்றேன். "யாரும்மா நீ?" என்றார். "அவங்க பொண்ணு" என்றேன். போனைக் கீழே போட்ட சத்தமும், ஓடுகிற சத்தமும் மட்டும் கேட்டது.

இப்போது மணி என்ன, நீ எந்த மேசைப் பக்கம் நிற்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன்னைத்தானே பிடிப்பார்கள். நான் படித்தவள் என்று நம்பிக் கேட்டாயே அம்மா.

அறிவுமதி


தஞ்சாவூர்
9.2.2025

அன்பு மதிக்கு,

இன்று போனில் நீ பேசவே இல்லை, அழுதுகொண்டே இருந்தாய். "அந்த அம்மா நல்லாருக்காங்க" என்று நான் கத்தியது கேட்டதா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். அவர் நன்றாக இருக்கிறார். ஒரு முந்திரிகூட அவர் வாயில் படவில்லை.

கபீர் அண்ணன் வறுத்துக் கொடுத்தார். தட்டை வாங்கும்போது, அன்றைக்குப் போட்ட பழைய முந்திரி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். மொறுமொறுவென்றுதான் இருந்தது, ஒரு வாடையும் இல்லை. பழசு என்றால் என் நாக்குக்குத் தெரியாதா? பழசு இல்லை என்றால் அந்த அம்மா ஏன் பழசு என்றார்? தட்டோடு கதவருகே நின்றுவிட்டேன். ஐஸை எடுத்து வெளியே வைத்த ஆள் வேறு கண்முன் வந்து நின்றார். நீ நிச்சயம் என்று எழுதியிருந்தாய். என் நாக்கு இல்லை என்றது. திரும்பக் கேட்டால் வேலை போகும். கேட்காமல் வைக்கக் கை வரவில்லை.

தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு முந்திரியை ஸ்பூனில் எடுத்துத் தள்ளி நின்று காட்டினேன். "மேடம், திஸ், எஸ் ஆர் நோ?" என்றேன். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நோ, நோ" என்று தொண்டையைப் பிடித்துக் காட்டினார். இன்னொரு கை பேனாமேல் போய்விட்டது.

அந்த நேரம்தான் லியோ சார் ஓடி வந்தார். நான் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துத் தட்டைத் தட்டிவிட்டார். புலாவும் முந்திரியும் தரையெல்லாம் சிதறிவிட்டன. சாப்பாட்டு அறையே எழுந்து நின்றது.

அப்புறம் உள்ளே கூப்பிட்டார். "இங்கிலீஷ் வரும்னு சொன்னீங்களே?"

"வரும்னுதான் சார் சொன்னேன். வந்துட்டுன்னு சொல்லல."

அவர் சிரிக்கவில்லை. இனிமேல் சாப்பாட்டு அறைக்குள் வரவேண்டாம், மாதக் கடைசியில் முடிவு சொல்கிறேன் என்றார். பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிறேன்.

நீ போன் செய்ததில் தப்பில்லை. நான் கேட்காமல் வைத்திருந்தால் அந்தப் போன்தான் காப்பாற்றியிருக்கும். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை, வேலையை நினைத்து இல்லை.

அம்மா


திருப்பனந்தாள்
14.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கேட்டைத் தாண்டியதற்காக ஒரு வாரம் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அது ஒன்றுமில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பெரியப்பாவிடம் சரி என்று சொல்லிவிடு. நீ ஒருத்தி போய், நான் இங்கே இருந்து, அவர் வாயில் விழ வேண்டாம். திருப்பூரில் சேர்ந்தே இருக்கலாம். பனியன் தைக்க இங்கிலீஷ் வேண்டாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதும் பெண்ணுக்கு அங்கே ஆபத்தான வேலை எதுவும் இருக்காது.

என் பாடப் புத்தகங்களைப் பிரின்ஸியிடம் கொடுத்துவிட்டேன். அவள் வாங்கமாட்டேன் என்றாள், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். பரீட்சை மார்ச்சில் என்கிறார்கள். யாருக்கோ சொல்வதுபோல் இருக்கிறது.

அம்மா, நீ என்னிடம் கேட்காமல் உன் நாக்கையே கேட்டிருந்தால் முதலிலேயே சரியாக இருந்திருக்கும்.

அறிவுமதி


தஞ்சாவூர்
28.2.2025

அன்பு மதிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் திட்டியிருப்பேன்.

இன்று லியோ சார் கூப்பிட்டார். நிரந்தரம் இல்லை. நேராகவே சொல்லிவிட்டார். இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம், சாப்பாட்டு அறைக்கே திரும்ப வாருங்கள் என்றார். அந்த அம்மா ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று நினைத்தேன். அவர் மறுநாளே கிளம்பிப் போய்விட்டார், ஒன்றும் சொல்லவில்லையாம். லியோ சார்தான், "நான் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு எல்லா வார்த்தையும் தெரியும். ஆனா உங்க இடத்துல நான் இருந்திருந்தா திருப்பிக் கேட்டிருக்க மாட்டேன்" என்றார். இனிமேல் யார் எது கேட்டாலும் நாங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சமையலறைக்குப் போக வேண்டுமாம். சட்டத்தை மாற்றிவிட்டார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். தேதி நினைவு வைத்திருக்கிறார். காபி கொடுத்தேன். மூன்று மாதம் என்றதும், "அப்ப நிரந்தரம் ஆகலல்ல? ஞாயித்துக்கிழமை பஸ். பொண்ண கூட்டியாந்துரு. திருப்பூர்ல இடம் பார்த்தாச்சு, என்ன சொல்ற?" என்றார்.

இத்தனை வருஷமாக அவர் முன்னால் வேண்டாம் என்ற சொல் எனக்குத் தமிழில் வந்ததே இல்லை. இன்றும் வரவில்லை.

"ஐயாம் குட், மாமா" என்றேன்.

காபியை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார். "நல்லா இருந்தா சந்தோஷம். நான் கேட்டது பஸ்ஸுக்கு."

"அதுக்கு அர்த்தம் நல்லா இருக்கேங்கிறது இல்ல மாமா. வேண்டாங்கிறது" என்றேன்.

டபராவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பின்கட்டில் இன்னும் எத்தனை நாள் விடுவார் என்று தெரியவில்லை. ரிசார்ட்டில் பெண்களுக்கு ஒரு தங்கும் அறை இருக்கிறது, நாளை லியோ சாரிடம் கேட்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது.

அவர் குடிக்காத காபியை நானே குடித்துவிட்டு இதை எழுதுகிறேன். பிரின்ஸியிடம் கொடுத்த புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்.

அம்மா